பாசிக்குளிசை போடுறீங்களா எண்டு கிளினிக்கில ஒருக்கா கேளுங்க

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், பிள்ளைத்தாச்சி கிளினிக் நடத்துற டொக்டர்மார், மிட்வைஃப் மிஸ்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கல்லடியில இரிக்கிறன். என்ட தங்கச்சிக்கு இப்ப ஏழு மாசம். போன கிளினிக்கில ரத்தம் பார்த்தா எச்பி, அதான் ஹீமோகுளோபின், நல்லாக் குறைஞ்சிட்டு, ஒழுங்கா இரும்புக்குளிசை போடுறீங்களாம்மா எண்டு கேட்டதுக்கு ஓம் எண்டு தலையாட்டிட்டு வந்திட்டா, மறுகா வீட்டுல நான் இருத்தி வச்சுக் கேட்டாப்பிறகுதான் சொல்றா, அதை விட்டு ஒரு மாசமாம், அது போட்டா வயிறு இறுகுதாம், தெரிஞ்ச ஒரு ஆள் வீட்டுக்கு வந்து வித்த பச்சைக் குளிசைதான் நாளுக்கு ஆறு போடுறாவாம். ஸ்பைருலினா எண்ட நீலப்பச்சைப் பாசி. இதிலயே எல்லா இரும்பும் இரிக்கி, வேற ஒண்டும் தேவல்ல எண்டு சொல்லித்தான் வித்திரிக்காங்க.

கடல்பாசி எண்டுதான் விக்கிறாங்க. நோன்புக்கு காத்தான்குடியில காய்ச்சுற கடல்பாசி வேற, இது வேற. இது கடல்ல எடுக்கிறதே இல்ல, காரம் கூடின தண்ணியில, தொட்டி கட்டி வளர்த்து, காயவச்சு, தூளாக்கி, குளிசையா அடிக்கிறது. ஆபிரிக்காவில சாட் ஏரிப் பக்கத்துச் சனம் பரம்பரையா அள்ளிக் காயவச்சுச் சாப்பிடுற சாமான். கூடாத சாமான் எண்டு நான் சொல்ல வரல்ல. 100 கிராம் தூளில 57 கிராம் அளவு புரதம், 28 மில்லிகிராம் இரும்பு, கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறையுது எண்டு சின்னச் சின்ன ஆய்வுகளும் இரிக்கி.

ஆனா ஆர் 100 கிராம் சாப்பிடுறாங்க? 500 மில்லிகிராம் குளிசை ஆறு போட்டா மூணு கிராம். அதில இரும்பு ஒரு மில்லிகிராம் கூட வராது. பெரஸ் சல்பேட் எண்ட இரும்புக்குளிசை, 200 மில்லிகிராம் ஒண்டில 60 மில்லிகிராமுக்கு மேல இரிக்கி. புரதமும் ரெண்டு கிராமுக்குள்ளதான், ஒரு முட்டையில ஆறு கிராம். இந்தக் கணக்கை ஒரு கடதாசியில எழுதிக் காட்டின உடனே தங்கச்சி அழுதிட்டா, ஒரு மாசம் பிள்ளைக்குப் போகவேண்டியதை நானே நிப்பாட்டிட்டனே எண்டு. அவவில என்ன பிழை, இதை அவக்கு ஆரும் சொல்லல்லையே.

எங்கட அம்மாவும் இதைப் போடத் தொடங்கிட்டா, அவ சுத்த மரக்கறி, பி12 விற்றமின் கிடைக்கும் எண்டு நம்பித்தான். இதில இரிக்கிற பி12ல கூடப் பங்கு நம்மட உடம்புக்கு வேலை செய்யாத வகை. போத்தல்ல பி12 எண்டு பெருசா அடிச்சிரிக்கி.

இன்னொண்டுதான் எனக்கு உண்மையாவே பயம். வெயில் காலத்தில குளங்கள்ல பச்சைப் பசேல் எண்டு பூத்து நிக்குமே, அதுவும் கனக்க நேரம் நீலப்பச்சைப் பாசிதான், அதில சில வகை மைக்ரோசிஸ்டின் எண்டு ஈரலைப் பழுதாக்குற நஞ்சை விடும். 1996ல பிரேசில்ல கருவாரு எண்ட ஊரில அந்த நஞ்சு கலந்த தண்ணியால டயலிசிஸ் செஞ்சு அம்பது பேருக்கு மேல செத்தாங்க. ஸ்பைருலினா தானா அந்த நஞ்சை விடுறதில்ல, ஆனா வளர்க்கிற தண்ணி சுத்தமில்லாட்டி மற்றப் பாசியும் சேர்ந்து வரும், அதாலதான் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கவேணும். தங்கச்சிட போத்தல்ல தொகுதி இலக்கமும் இல்ல, செஞ்ச இடமும் இல்ல, வடிவான பச்சை இலை மட்டும் போட்டிரிக்கி.

அதால உங்களிட்ட நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. கிளினிக்கில கொப்பி எழுதக்க, வேற ஏதும் குளிசை, பவுடர் போடுறீங்களா எண்டு ஏசாமக் கேளுங்க, ஏசினா ஒருத்தரும் வாய் திறக்காங்க. நம்மட தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சு சுவரில ஒட்டுங்க: இது சாப்பாட்டோட சேர்த்துக்கொள்ளுற ஒண்டு, கிளினிக் மருந்துக்குப் பதில் இல்ல, பிள்ளைத்தாச்சிமாரும், ரத்தம் உறையாம இரிக்க வார்ஃபரின் போடுறவங்களும், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கிற லூபஸ் மாதிரி வருத்தம் உள்ளவங்களும், கிட்னி மாத்தினவங்களும் டொக்டரைக் கேக்காமத் தொடவேணாம் எண்டு. சுகமா இரிக்கிற ஆக்கள் போட விரும்பினா ஒரு கிராமோட தொடங்கி சாப்பாட்டோட எடுக்கட்டும், வயித்தைப் பிரட்டினா விடட்டும். பிஎச்ஐமார் (பொதுச் சுகாதார பரிசோதகர்மார்) கடைகளுக்குப் போகக்க இந்தப் போத்தல்களையும் ஒருக்கா திருப்பிப் பாக்கட்டும். இரும்புக்குளிசையை பிளேன்ரீயோட போடவேணாம், தேசிக்காய்த் தண்ணியோட போடுங்க எண்டதையும் அதே கடதாசியில எழுதிவிடுங்க, எங்கட வீட்டுல நானே இத்தனை நாளும் அவக்கு பிளேன்ரீதான் ஊத்திக் குடுத்திரிக்கன்.

தங்கச்சி திரும்ப இரும்புக்குளிசை தொடங்கிட்டா, வயிறு இறுகிறதுக்கு என்ன செய்யலாம் எண்டு மிஸ்ஸிட்டயே கேக்கிறதா இரிக்கா. வாற செவ்வாய்க்கிழமை அவக்கு கிளினிக். நானும் வாறன், அந்தப் போத்தலையும் கொண்டுவாறன், ஒருக்கா வாங்கிப் பாருங்க.