கயலுக்கு: பொனேரா, கோசுமெலா

அன்புள்ள கயலுக்கு,

உன் மெயில் கிடைத்தது. டிசம்பரில் ஒரு வாரம் லீவு, ஸ்கூபா டைவ் செய்ய கரீபியன் தீவுகளில் பொனேரா கோசுமெலா, எங்கே தங்குவது, எந்த டைவ் ஷாப், ஒரு ரூம் போதும். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். நலம் விசாரித்து ஒரு வரிகூட இல்லை. பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீயும் மாப்பிள்ளையும் மேப்பை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தது பொனேரைப் பற்றித்தான். நல்ல தீவு, குறை சொல்ல மாட்டேன். புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. மேற்குக் கரை முழுக்கக் காற்று மறைவு. ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். ஷாப்பில் காற்று டேங்கை ஏற்றிக்கொண்டு வாடகை பிக்கப்பை அந்தக் கல் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கரையிலிருந்தே இறங்கலாம். சால்ட் பியர், மூழ்கிக் கிடக்கும் ஹில்மா ஹூக்கர் கப்பல் எல்லாம் அப்படிப் போகிற இடங்கள்தான். படகு வேண்டாம், கைடு வேண்டாம், நேரக் கணக்கு வேண்டாம்.

அந்தக் 'கைடு வேண்டாம்' என்பதுதான் இரண்டு பேராகப் போகிறவர்களுக்குச் சுகம், ஒருவராகப் போகிறவர்களுக்கு ஆபத்து. அங்கே கரை மணல் கிடையாது. கூரான சுண்ணாம்புப் பாறை, உடைந்த பவளத் துண்டு, தண்ணீர் விளிம்பில் பாசி. நிரப்பிய அலுமினியம் 80 (கன அடி) டேங்க் மட்டுமே ஏறத்தாழ 17 கிலோ. அதை முதுகில் வைத்துக்கொண்டு, அலைக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று துடுப்பைக் கழற்றும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாதவர்கள் விழுவது ஆழத்தில் இல்லை, முழங்கால் தண்ணீரில். கணுக்கால் பிசகினால் அந்த ரோட்டில் அடுத்த வண்டி வரும் வரை காத்திருக்க வேண்டும். வண்டிக்குள் வைத்த பொருளும் தங்காது. திருடன் கண்ணாடியை உடைப்பான் என்பதற்காகவே வண்டியைப் பூட்டாமல், உள்ளே ஒன்றுமில்லாமல் விட்டுப் போகச் சொல்வார்கள். அதாவது போனைக்கூடக் கொண்டுபோக முடியாது.

அதனால் என் முடிவு இது. மாப்பிள்ளையும் வருகிறார் என்றால் பொனேர். நீ மட்டும் என்றால் கோசுமெல். எது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ரூம் என்று எழுதியதை வைத்து, கீழே எழுதுவதெல்லாம் கோசுமெலுக்கு.

கோசுமெலில் பெரும்பாலும் படகு டைவ், அதுவும் கைடோடு. நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். பலங்கார், சாந்தா ரோசா என்று எந்த ரீஃபில் இறங்கினாலும் ஓட்டம் உன்னை இழுத்துக்கொண்டு போகும், படகு மேலே பின்தொடர்ந்து வந்து எடுத்துக்கொள்ளும். தனியாக வருகிறவர்கள் அங்கே நிறைய. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஹூஸ்டனிலிருந்து நேர் விமானமும் இருக்கிறது.

ஷாப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம். பெரிய மெதுவான படகில் இருபது பேரை ஏற்றுகிற ஷாப் வேண்டாம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போகிற சிறிய வேகப் படகு எடு. விலை கொஞ்சம் கூடும். அந்தக் காசை நான் அனுப்புகிறேன், அதில் மிச்சம் பிடிக்காதே. புக் பண்ணுமுன் மெயிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விலையோ நைட்ராக்ஸோ (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) இல்லை. "குழுவில் ஒருவருக்குக் காற்று முதலில் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேள். மூன்று விதமாகப் பதில் வரும். எல்லோரையும் சேர்த்து மேலே ஏற்றிவிடுவோம் என்பார்கள். கைடாக வரும் டைவ் மாஸ்டர் தன் காற்றைக் கொஞ்ச நேரம் பகிர்வார் என்பார்கள், அந்த ஷாப்பை அத்தோடு விட்டுவிடு. டைவை நீட்டுவதற்காகத் தன் அவசரக் காற்றைச் செலவழிக்கிறவர், உண்மையான அவசரத்தில் வெறும் டேங்கோடு இருப்பார். மூன்றாவது, எஸ்எம்பியை (தண்ணீருக்கு மேலே நிற்கிற அடையாளக் குழல்) ஊதிவிட்டு அந்த ஆளை மட்டும் மேலே அனுப்புவோம், படகு எடுத்துக்கொள்ளும் என்பார்கள். கோசுமெலில் இது சாதாரணம், அதில் தப்பும் இல்லை. ஆனால் ஜோடி இல்லாமல் வருகிறவருக்கு அது தனியாக ஏறுவது என்று அர்த்தம். "எனக்கு ஜோடியாக யாரைப் போடுவீர்கள், நான் ஏறும்போது அவரும் ஏறுவாரா?" என்று அடுத்த மெயிலிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கு. நேரில் படகில் வைத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள்.

படகில் ஏறியதும் ஜோடியைக் கேள். வெட்கப்படாதே. முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து அவருடைய ஆக்டோபஸ் (உதிரி மூச்சுக் கருவி) எந்தப் பக்கம், வெயிட் எப்படிக் கழலும், டேங்க் அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐயில் திரும்புவார் என்று கேட்டுக்கொள். ரெஸ்க்யூ கோர்ஸ் முடித்தவள் நீ. பிசிடியை, அதாவது மிதப்பு ஜாக்கெட்டைத் தொடாமல் மூச்சிலேயே ஆழத்தைப் பிடித்து நிற்பாய், உன்னைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திறமை இருக்கிறது என்பதால் ஜோடி வேண்டாம் என்று ஆகாது. மூச்சு விடும் ரெகுலேட்டர் திடீரென்று பீறிட்டு அடித்தால் திறமை வந்து காற்று கொடுக்காது.

அடுத்தது ஆக்ஸிஜன். படகில் இருக்கிறதா என்று கேட்காதே, இருக்கிறது என்பார்கள். சிலிண்டரைக் காட்டச் சொல். கேஜில் முள் எங்கே நிற்கிறது, மாஸ்க் பையோடு இருக்கிறதா, மாட்டுவதற்குக் கருவி கூடவே கட்டியிருக்கிறதா, இதைப் பார். நல்ல கேப்டன் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகவே காட்டுவார். ரேடியோ வேலை செய்கிறதா, எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது கேப்டன் படகிலேயே இருக்கிறாரா என்பதும் இதோடு சேர்த்தி.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனி. தலையை எண்ணுவது போதாது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குப் போய்விட்டது. அவர்களுடைய பை படகில் கிடந்ததை வைத்து ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்களைக் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. ஜோடியாகப் போனவர்களுக்கே அப்படி. தனியாக வந்தவரைத் தேட, "என்கூட வந்தவரைக் காணோம்" என்று சொல்ல ஆள் இருக்காது. முதல் நாளே டைவ் மாஸ்டரிடமும் கேப்டனிடமும் உன் பெயரைச் சொல்லி, தனியாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடு. தங்கும் இடத்தில் ரிசப்ஷனிலும், காலையில் எந்த ஷாப்போடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எழுதிக் கொடு.

எஸ்எம்பி உன்னுடையதாக இருக்கட்டும். வாடகைக்குக் கொடுப்பது பாதி ஓட்டையாக இருக்கும். ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம், 15 மீட்டராவது கயிறுள்ள ஸ்பூல், ஒரு விசில். காற்று வீசினால் குமிழி மேலிருந்து தெரியாது, ஆரஞ்சுக் குழல் மட்டும்தான் தெரியும். ஐந்து மீட்டரில் நின்றுகொண்டு விடுவதை ஹூஸ்டனிலேயே பூலில் ஒரு தடவை பழகிவிட்டுப் போ. ஸ்பூலைப் பிசிடியில் கிளிப் செய்தபடியே ஊதினால் உன்னையும் சேர்த்து மேலே இழுத்துவிடும், தெரியும்தானே.

டேங்க் விஷயம். அங்கே சில ஷாப்புகள் இரும்பு 100, 120 கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள். அலுமினியம் 80 தீரத் தீர மிதக்க ஆரம்பிக்கும், கடைசியில் ரெண்டு கிலோ மேல்நோக்கித் தூக்கும். அதற்காகக் கூடுதலாகக் கட்டுகிற ஈயம் இரும்புக்குத் தேவையில்லை. வழக்கமான வெயிட்டில் இரண்டு கிலோ குறைத்துவிட்டு இறங்கிப் பார். நைட்ராக்ஸ் 32 எடுத்தால் ஆக்ஸிஜன் அளக்கும் அனலைசரை நீயே பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. 33 மீட்டர்தான் அதற்கு எல்லை, டைவ் கம்ப்யூட்டரிலும் 32 என்று மாற்று. முதல் ரெண்டு நாள் மரகைபோ, பரகுடா ரீஃப் பக்கம் போகாதே. அங்கே ஓட்டம் சில சமயம் கீழ்நோக்கி இழுக்கும். பழகிய குழுவோடு, ஓட்டம் பார்த்துத்தான் போக வேண்டும்.

உன் இடது காது தெரிந்ததுதான். ஓட்டத்தோடு போகிற டிரிஃப்ட் டைவில் காதுக்காக மூன்று மீட்டரில் நின்றால், குழு கீழே வேறு திசைக்குப் போய்விடும். டைவ் மாஸ்டரோடு முதல் ஆளாக இறங்குகிறேன் என்று சொல்லிவிடு. மூக்கடைப்பு இருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதே. பாதியில் அதன் வேகம் இறங்கினால் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு ரூமில் இரு.

தங்கும் இடம். தெற்கே ரீஃபுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சாப்பாடு உட்பட ரிசார்ட். படகுப் பயணம் குறையும், ஹோட்டல் துறையிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் அங்கே விலையெல்லாம் 'இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு' என்று போட்டிருக்கும். ஒருவராகப் போனால் மேலே ஒரு தொகை சேர்ப்பார்கள், சில இடத்தில் கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசு. டைவும் ரூமும் சேர்ந்த பேக்கேஜிலும் இதே கதை. சான் மிகெல் ஊருக்குள் சிறிய ஹோட்டல்களில் அறைக்குத்தான் வாடகை, தலைக்கு இல்லை. அங்கே ரூமைத் தனியாக, டைவைத் தனியாக எடு. பலங்காருக்கு அரை மணி படகில் போக வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். எனக்கு ஊருக்குள் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. மாலையில் கீழே இறங்கினால் மனித நடமாட்டம் இருக்கும், சதுக்கத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் தேனிலவு ஜோடிகள் உட்கார்ந்திருக்கும் ரிசார்ட் டைனிங் ஹாலில் நீ தட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

ரூமில் பார்க்க வேண்டியது: ஈர வெட்சூட்டைத் தொங்கவிட பால்கனி, சின்ன கிச்சன், மேல்மாடி என்றால் லிஃப்ட். ஷாப்பே கியரைக் கழுவிப் பூட்டி வைத்தால் இன்னும் நல்லது, தினமும் சுமக்க வேண்டாம். கிச்சன் இருந்தால் காலையில் கொஞ்சம் சோறு வைத்துக்கொள். வெறும் காபியோடு படகில் ஏறாதே.

டிசம்பர் என்பதால் இன்னொன்று. வடக்குக் காற்று அடித்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள், ஒரு நாளோ ரெண்டு நாளோ சின்னப் படகு எதுவும் போகாது. அந்த நாளுக்குக் காசு திரும்பி வருமா, வேறு நாளுக்கு மாறுமா என்று முன்கூட்டியே கேள். மூடிய நாளை ஈடுகட்டக் கிளம்பும் நாளில் டைவ் வைக்காதே. பல நாள் டைவ் செய்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம். நீ ஒரு முழு நாள் விட்டுவிடு.

மருத்துவப் படிவத்தை ஷாப்பிடம் இப்போதே கேட்டு வாங்கு. ஏதாவது ஒரு கேள்விக்கு ஆம் என்று வந்தால் டாக்டர் கையெழுத்து கேட்க வாய்ப்பு உண்டு. தீவில் போய் டாக்டரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும். அதில் மனசு சம்பந்தமான சிகிச்சை, பயத்தில் மூச்சுத் திணறல் பற்றியும் கேட்டிருப்பார்கள். சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறாய் என்றால் அதை மறைக்காமல் எழுது. மயக்கம் தருகிற மருந்தும் ஆழத்தில் நைட்ரஜன் தருகிற மயக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல். இரவு தூங்காத நாளில் காலை படகை விட்டுவிடு. காசு போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருக்கிறாள். கோபத்தில் எழுதவில்லை, இருக்கிறாள் என்று சொல்கிறேன். நீ பெரிய வேலையில் இருக்கிறாய், உன் சம்பாத்தியத்தில் கடல் கடந்து டைவுக்குப் போகிறாய், எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஜோடியோடு இறங்கு.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் காப்பீடு காலாவதி ஆகியிருந்தால் புதுப்பி. சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங்கை விலக்கியிருப்பார்கள். அழுத்த அறையில் வைத்துச் செய்கிற சிகிச்சை என்று வந்தால் செலவு சாதாரணமாக இருக்காது.

ஷாப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று ஒரு கட்டம் இருக்கும். என் நம்பரை +91 சேர்த்து எழுது, ராத்திரி எந்நேரம் ஆனாலும் எடுப்பேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் விமானம் ஏறக்கூடிய ஒருவர் பெயரும் அதில் வேண்டும். மாப்பிள்ளை பெயரை எழுதலாம், சுகந்தி சித்தி பெயரை எழுதலாம், உன் சிநேகிதி யாரையாவது எழுதலாம். யார் என்று நீ முடிவு செய். யாரை எழுதினாலும் அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டு எழுது. எங்களுக்கும் சொல்.

ஷாப்பிலிருந்து பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு. படித்துவிட்டு மேலும் கேட்க வேண்டியது இருந்தால் எழுதுகிறேன். அதற்கு முன் முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
அப்பா