முதல் வகுப்புப் பெற்றோருக்கு: விடுமுறையில் பத்து வரை எண்ணிப் பழகுதல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை தொடங்கவிருக்கும் இவ்வேளையில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன வீட்டுப்பாடம் என்று பள்ளி வாசலில் பலர் கேட்டீர்கள். ஒன்றிலிருந்து நூறு வரை ஐந்து முறை எழுதிவரச் சொல்லலாமே என்று சிலர் யோசனையும் கூறினீர்கள். எழுத்து வேலை எதுவும் கொடுக்கவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறோம் என்பதையும் தெரிவிக்கவே இக்கடிதம்.

சென்ற வாரம் ஒரு சிறுமியின் முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னேன். நூறு வரை தங்குதடையின்றி ஒப்பிக்கும் பிள்ளை அவள். உற்சாகமாகத் தொடங்கினாள். ஆனால் விரல் நான்காவது கொட்டையில் நிற்கும்போதே வாய் ஆறைத் தாண்டிவிட்டது. கடைசிக் கொட்டையைத் தொட்டபோது "பத்து" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே எண்ணச் சொன்னேன். இம்முறை சரியாக ஏழில் முடித்தாள். "அப்படியென்றால் கிண்ணத்தில் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டதும், பதில் சொல்லாமல் கிண்ணத்தைக் கவிழ்த்து மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டாள்.

இதைக் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். எண்களின் வரிசை அவளுக்குப் பாட்டைப் போல மனப்பாடமாகிவிட்டது. ஒரு பொருளுக்கு ஒரே ஓர் எண்தான் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் எத்தனை என்பதற்கு விடை என்பதும்தான் இனி அவளுக்குப் பிடிபட வேண்டும். இவ்விரண்டும் கையால் தொட்டு, நகர்த்தி, கண்ணால் பார்த்துப் பழகும்போது வருபவை. நூறு வரை நோட்டில் எழுதுவதால் வருவதில்லை. நானும் பல ஆண்டுகள் பிள்ளைகளை அப்படி எழுத வைத்தவன் என்பதால், இதை உறுதியாகவே சொல்கிறேன்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் பொருள்களைக் கையாண்டு கற்பதற்கே முதலிடம் தருகிறோம். ஆயினும் எண்ணுவதற்கான பொருள்கள் வகுப்பறையைவிட உங்கள் வீட்டில்தான் அதிகம் இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். "நாம் எத்தனை பேர்? அத்தனை தட்டு எடுத்து வா" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு தட்டு குறைந்தால் நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. தட்டில்லாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவே அதை உணர்த்திவிடுவார். அத்தை வந்திருக்கும் நாளில் இன்னும் ஒன்று வேண்டும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். எடுத்து வைத்த பின் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். நமக்குக் கடினமான பகுதி இந்தப் பொறுமைதான்.

ஐந்து எலுமிச்சம்பழங்களை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லி, பின் அவற்றையே தள்ளித் தள்ளி வைத்து, "இப்போது கூடிவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். வரிசை நீண்டுவிட்டதால் கூடிவிட்டது என்றே ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வயது ஏற ஏறத் தெளியக்கூடியது இது. திட்டித் திருத்த வேண்டியதில்லை.

வகுப்பில் பிள்ளைகள் மிகவும் விரும்பும் விளையாட்டு ஒன்று உண்டு. ஐந்து கொட்டைகளை எண்ணிக் காட்டிவிட்டு, சிலவற்றைக் கொட்டாங்குச்சியால் மூடிவிடுங்கள். வெளியே இரண்டு தெரிந்தால் உள்ளே எத்தனை? பிள்ளை விரல்களை மடக்கி யோசித்து "மூன்று" என்று சொல்லி, தானே கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்கட்டும். கூட்டலும் கழித்தலும் இங்கேதான் வேர் பிடிக்கின்றன. விரல் விட்டு எண்ணுவதை இந்த வயதில் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

பத்து வரை உறுதியான பிறகு, பத்து ஈர்க்குச்சிகளை ரப்பர் பேண்டால் ஒரு கட்டாகக் கட்டி, பக்கத்தில் மூன்று குச்சிகளைத் தனியே வையுங்கள். பத்தும் மூன்றும் சேர்ந்ததே பதின்மூன்று என்பதை நம் சொல்லே காதில் சொல்லிவிடுகிறது. தமிழில் எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை என்பதால், வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள். ஆங்கில எண்கள் பின்னால் எளிதாக வந்துவிடும்.

வீட்டில் பாட்டி இருந்தால் பல்லாங்குழியை எடுக்கச் சொல்லுங்கள். பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாக முத்துப் போட்டுச் செல்லும்போது, ஒன்றுக்கு ஒன்று என்பது கைக்குப் பழகிவிடும். அரிசி அளக்கும்போது சில பாட்டிமார் ஒன்று என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று தொடங்குவார்கள். அழகான வழக்கம் அது. அதுவும் ஒன்றுதான் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் கொட்டை, முத்து, மணி போன்ற சிறு பொருள்கள் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து. அங்கே கரண்டி, வெங்காயம், துணி கிளிப் போதும்.

பள்ளி திறக்கும் நாளில், பிள்ளை தானே எண்ணி எடுத்த பத்துப் பொருள்களை ஒரு சிறு பையில் போட்டு அனுப்புங்கள். எண்ணிக்கையை நீங்கள் சரிசெய்ய வேண்டாம். எட்டு இருந்தாலும் பதினொன்று இருந்தாலும் அப்படியே வரட்டும்; வகுப்பில் எல்லோரும் சேர்ந்து எண்ணிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.