வேட்டியில் கத்திரி வைக்க மறுத்த பாட்டிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள அம்மாக்களே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே,

வணக்கம். சித்திரை பிறந்த கையோடு வந்த சனிக்கிழமையை நீங்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளின் லத்தீன் மாநாட்டுக்காக விட்டுக்கொடுத்தீர்கள். கோயிலுக்குப் போக வேண்டியவர்கள் பள்ளிச் சமையலறையில் நின்றீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

பள்ளி சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் போன வாரமே போய்விட்டது. பணம் கொடுத்தவர்கள், அரங்கம் கொடுத்தவர்கள், நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்து நடுவர்களாக உட்கார்ந்த கல்லூரி மாணவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கடைசி வரியில் பெற்றோர், நண்பர்கள் என்று பொதுவாக ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் அடங்கிப்போனவர்கள் நீங்கள். படித்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. உங்களில் பாதிப் பேருக்கு, அன்று அங்கே என்னதான் நடந்தது என்று இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் லத்தீன், கிரேக்கம், அந்த நாகரிகங்களின் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஜூனியர் கிளாசிக்கல் லீக் என்றொரு அமைப்பு 1936 முதல் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு மாநாடு நடக்கும். அப்புறம் கோடையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய மாநாடு. முதல் தேசிய மாநாடு 1954-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் நடந்ததாம். மாநாடு என்றதும் மேடை, மாலை, பொன்னாடை என்றுதான் நானும் நினைத்தேன். போய்ப் பார்த்தால் திருவிழா. ஒரு அறையில் புராணத் தேர்வு, இன்னொன்றில் சொற்பிறப்புத் தேர்வு. ஒருத்தி லத்தீனில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்துகொண்டே நடக்கிறாள், அவள் குறுக்கே நான்கு பையன்கள் அட்டையிலும் சைக்கிள் சக்கரத்திலும் செய்த தேரை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓவியம், மொசைக், வேடப்போட்டி, ஓட்டப்பந்தயம் எல்லாம் உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் மகள் லத்தீன் எடுக்கப்போகிறேன் என்றபோது, "பேச ஆளில்லாத பாஷையைப் படித்து என்ன பண்ணப்போறே? ஸ்பானிஷ் எடுத்தாலாவது கடையில் பேசலாம்" என்றவன் நான்தான். உங்களில் சிலர் வீட்டில் உட்கார்ந்தே அதைச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அதே நீங்கள்தான் அன்று விடிகாலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டினீர்கள். இதை நான் மறக்கமாட்டேன்.

முதல் நன்றி, ஊரிலிருந்து ஆறு மாதம் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயாவுக்கு. அவருக்கு லத்தீன் தெரியாது. கேள்விச் சீட்டை வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் பிள்ளைகள் அவரிடம் போனார்கள். முதல் நாளே பிடித்துக்கொண்டார். எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறதே, என்ன அது? நெடில் என்று சொன்னார்கள். கோடு இல்லாவிட்டால் குறில். மலும் என்றால் தீமை, மாலும் என்றால் ஆப்பிள். லிபெர் என்றால் நூல், லீபெர் என்றால் சுதந்திரமானவன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கல்லும் காலும் மாதிரிதானே?" என்றார். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையும் அவர் முன்னால் நெடிலை முழுங்க முடியவில்லை.

வேற்றுமை உருபு வந்தபோது இன்னும் உற்சாகமாகிவிட்டார். லத்தீனில் ஆறு வேற்றுமை என்று மகள் பெருமூச்சு விட்டாள். எட்டு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆறு ஒரு பாரமா என்று கேட்டார். புருட்டுஸ் என்ற பெயரைக் கூப்பிடும்போது புருட்டே ஆகிறது. ராமன் ராமா ஆகிறான். விளி வேற்றுமை என்று தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார், அது இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் அவரே இறங்கியும் வந்தார். நமக்கு இரண்டாம் வேற்றுமை என்றால் எந்தச் சொல்லுக்கும் ஐ ஒன்றுதான். அங்கே பெயர்ச்சொற்களில் ஐந்து வகை, வகைக்கு ஒரு விகுதி, போதாததற்கு அடைமொழியும் பெயரோடு சேர்ந்து உருமாற வேண்டும். "இது கொஞ்சம் கஷ்டம்தான்மா" என்று அவர் ஒப்புக்கொண்டபோது மகளுக்கு வந்த சந்தோஷம், பரிசு வாங்கியபோது கூட வரவில்லை. ரோமின் ஏழு அரசர்களையும் ரோமுலுஸ், நூமா, துல்லுஸ் என்று வரிசையாக ஐயா இப்போது ஒப்பிக்கிறாராம். இட்லிக்குச் சட்னி வரும்வரை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று மருமகள் சொன்னார்.

அடுத்தது பாட்டி. ரோமானிய ஆண்கள் போர்த்திய டோகா கம்பளித் துணி, அரைவட்டமாக வெட்டியது. பேரரசுக் காலத்தில் அதன் நீளம் ஏறக்குறைய நம் ஆறு கஜம். குண்டூசி கிடையாது. இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கைக்குக் கீழே கொண்டுவந்து, மறுபடி இடது தோளில் எறிய வேண்டும். இணையத்தில் படம் பார்த்துப் பையன்கள் கட்டிக்கொண்டது பத்து அடி நடப்பதற்குள் அவிழ்ந்தது. பாட்டி ஒரு தடவை படத்தைப் பார்த்தார். மடிப்பை எங்கே பிடிக்க வேண்டும், எடை எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அறுபது வருடம் புடவை கட்டிய கை. உயர்பதவியில் இருப்பவர்களும் அடிமையாகப் பிறக்காத சிறுவர்களும் ஊதாக் கரை வைத்த டோகா அணிவார்கள் என்று கேட்டதும், தாத்தாவின் கரைவேட்டி ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஓரத்தை வட்டமாக வெட்டலாமா என்று ஒரு பையன் கத்திரியோடு வந்தான். வேட்டியில் கத்திரி வைக்கிற பேச்சே வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். வெட்டுப்பட்டது எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகள். நான்கு.

பெண் பிள்ளைகளுக்கு டோகா வேண்டாம், ஸ்டோலாதான் என்று லத்தீன் ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னார். ரோமில் மணமான, மரியாதைப்பட்ட பெண்கள் உடுத்திய நீண்ட அங்கி அது. பாட்டியும் அதை முழுமனதாக ஆமோதித்தார். ஆசிரியைக்கும் பாட்டிக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை, ஆனால் அன்று முழுவதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இனி சமையலறை. சாப்பாடு தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் நான்கு நாள் முன்னால் கைவிரித்தார்கள். 300 பேருக்கு ரோமானிய விருந்து. நான் குழுவில் தகவல் போட்டுப் பத்து நிமிடத்தில் ஏழு வீடு சரி என்றது. அப்புறம்தான் நிபந்தனையைச் சொன்னேன். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் கூடாது. கொலம்பஸுக்கு முன்னால் அவை அட்லாண்டிக்கின் இந்தப் பக்கத்திலேயே இருந்தன, ரோமானியர் கண்ணால் பார்த்ததில்லை. பதிலுக்கு ஒரு அக்கா அனுப்பிய முகக்குறியை இங்கே விவரிக்காமல் விடுகிறேன்.

ஆனால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தபோது ஆச்சரியமாக இருந்தது. கடுகு, சீரகம், மிளகு, கொத்தமல்லி விதை எல்லாம் ரோமானிய அடுப்படியிலும் இருந்தவை. வெந்தயத்தின் லத்தீன் பெயருக்குப் பொருளே கிரேக்க வைக்கோல். பெருங்காயமும் உண்டு. சில்ஃபியம் என்றொரு செடியின் பாலைத்தான் அவர்கள் உயர்வாக நினைத்தார்கள். அது வட ஆப்பிரிக்கக் கரையில் பறித்துப் பறித்தே அற்றுப்போனது. கடைசித் தண்டு நீரோ மன்னனுக்குப் போயிற்று என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் பெருங்காயம். மிளகாயையும் மஞ்சளையும் உளுந்தையும் மட்டும் எடுத்து வைத்தோம், பெட்டி கிட்டத்தட்ட ரோமானியப் பெட்டி ஆகிவிட்டது.

கொண்டைக்கடலை, மிளகு சீரகம் அரைத்துவிட்டு. மைசூர்ப் பருப்பு, கொத்தமல்லி போட்டு. முட்டைக்கோஸ், ஆலிவ் எண்ணெயில். பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே மிளகுப்பொடி வைத்து, உப்பில் புரட்டி, தேனில் வதக்கியது. இந்தக் கடைசிப் பண்டம் ரோமானியக் குறிப்பிலேயே இருக்கிறது. கொட்டைப் பருப்புகளை வைக்கவும் குறிப்பு இடம் கொடுக்கிறது, ஆனால் பிள்ளைகளின் ஒவ்வாமைக்குப் பயந்து மிளகோடு நிறுத்திக்கொண்டோம். மீனை ஊறவைத்து அவர்கள் எல்லாவற்றிலும் ஊற்றிய சாற்றுக்குப் பதில் வெறும் உப்பு. பருப்பில் கடுகு தாளித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அது ரோமானிய வழக்கமா என்று ஆசிரியையும் கேட்கவில்லை. சட்டிதான் முதலில் காலியானது.

பந்தி மேசையில் வைக்க ஐயா ஒரு அட்டை எழுதச் சொன்னார். முசிறித் துறைக்கு யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் அங்கே மிளகு. மகள் அதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக், நகரத்தை விட்டுவைக்கக் கேட்ட பணயத்தில் பொன், வெள்ளியோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது. வேறு பள்ளிப் பையன் ஒருவன் அட்டையைப் படித்துவிட்டு, பேரீச்சம்பழத்தை ஒரு மரியாதையோடு பார்த்தான்.

மொசைக்குக்கு உடைந்த தரை ஓடுகளைச் சேர்த்துக் கொடுத்து, கோணம் பார்த்து ஒட்டவும் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி. அவர்கள் ஒட்டிய டால்ஃபின் படத்துக்கு இரண்டாம் பரிசு. கார் ஓட்டியவர்களுக்கும், அதில் மூன்று முறை திரும்பிப் போய் மறந்த பொருளை எடுத்துவந்தவருக்கும் நன்றி. மறந்தது நான்.

சால்டரிங் அயர்ன் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாநாட்டின் உயிர் கெர்ட்டாமென் என்ற வினாடி வினா. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் போட்டி என்றுதான் பொருள். அணிக்கு நான்கு பேர், சுற்றுக்கு 20 கேள்வி. பொத்தானை முந்தி அழுத்தியவர் சரியாகச் சொன்னால் 10 புள்ளி, பின்னாலேயே அந்த அணிக்கு மட்டும் ஐந்தைந்து புள்ளிக்கு இரண்டு துணைக்கேள்வி. கேள்வி முடியும் முன்பே அழுத்தலாம். தப்பானால் அந்தக் கேள்வியில் அணியே வெளியே. ஆக, யார் விளக்கு முதலில் எரிந்தது என்பதுதான் எல்லாமே. காலையில் ஒரு பெட்டியில் நான்கு விளக்கு எரியவில்லை. தம்பி தன் காரிலிருந்து கருவியை எடுத்துவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன கம்பியைப் பற்றவைத்தார். இருபது நிமிடம். தன் பிள்ளை யாரும் போட்டியில் இல்லாதவர் அவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சரி, முடிவு. நம் அணி இறுதிச் சுற்று வரை போய் இரண்டாவதாக வந்தது. கடைசிக்கு முந்தின கேள்வியில் ரோமை எதிர்த்த தளபதி ஹன்னிபால் பெயர் காதில் விழுந்ததுமே என் மகள் அழுத்தினாள். கி.மு. 216, கன்னே என்றாள். அது அவன் ஜெயித்த போர். கேள்வி போய்ச் சேர்ந்த இடம் அவன் தோற்ற போர், கி.மு. 202, ஸாமா. வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பின் சீட்டிலிருந்து ஐயா என் தோளைத் தட்டி நிறுத்தினார். அதற்கும் நன்றி, ஐயா. ஜூன் மாதம் நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன்னால் பிள்ளைகள் ஒருநாள் வருவார்கள். விடைகொடுக்க லத்தீனில் ஒரு சொல் இருக்கிறதாம், அதன் நெடிலைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் கணக்கு. இரண்டு பெரிய அடுக்கு, பித்தளைக் கரண்டி, பாட்டியின் வேட்டி (துவைத்து, இஸ்திரி போட்டு, முழுசாக) எல்லாம் அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டன. குக்கர் மூடி ஒன்று மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து லிட்டர், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. யாருடையது என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். அதில்லாமல் இத்தனை நாள் எப்படிப் பருப்பு வேகவைக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

நன்றியுடன்,
லத்தீன்காரியின் அப்பா