மலரை அச்சிடும் முன் பதிவேடுகளைக் காப்பாற்றுங்கள்

எங்கள் சேகரக் கமிட்டியாருக்கும் நினைவு மலர்க் குழுவினருக்கும் தோத்திரம்.

நம் சபை வரலாற்றைச் சொல்லும் மலரின் வரைவை வாசிக்கக் கொடுத்ததற்கு நன்றி. மிஷனெரிமார் ஒவ்வொருவருக்கும் படமும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்க, ஊர்ச் சபைகளில் வேதம் போதித்த உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்கள் அத்தனை பேரும் ‘சுதேச உதவியாளர்கள்’ என்ற இரண்டே சொற்களில் முடிந்துபோயிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக நடந்த என் தாத்தாவின் பெயரையாவது சேருங்கள் என்று கேட்டேன். ஆதாரம் கொண்டுவரச் சொன்னீர்கள்.

ஆதாரம் ஆலயத்தின் பக்க அறையான உங்கள் வெஸ்ட்ரியின் அலமாரியில்தான் இருந்தது. ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளை அதைத் திறந்துவிட்டபோது, கீழ்த்தட்டில் ஞானஸ்நானப் பதிவேடு கறையான் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கியும் பக்கங்கள் மடியில் உதிர்ந்தன. பிழைத்திருந்த ஒரு தாளில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அதற்கடுத்து சாட்சியாகத் தாத்தாவின் கையெழுத்து. அதிலும் பாதியே மிஞ்சியிருந்தது. அந்தத் தாளை ஒரு துணியில் பொதிந்து வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதிவேடு நம் சபைக்கு எவ்வளவு பெரியது என்பது நீங்கள் அறியாததல்ல. பாளையங்கோட்டையில் 1780-இல் 40 பேரின் பெயர்களை எழுதிய பட்டியலிலிருந்துதான் திருநெல்வேலிச் சபையின் வரலாற்றையே தொடங்குகிறோம். பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று இன்றும் ஜனங்கள் சொல்கிற ஆலயத்தைக் கட்டிய குளோரிந்தா அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர். 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென முதலூர் என்ற கிராமம் உருவாக முன்னின்ற தாவீது சுந்தரானந்தமும் இந்த மண்ணின் உபதேசியாரே. அவர்கள் பெயர்கள் எழுதப்பட்டதால் நமக்குக் கிடைத்தன.

‘1930-இல் தன்னாட்சி வழங்கப்பட்டது’ என்று வரைவு சொல்கிறது. இந்தியத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து சட்டப்படி பிரிந்து தனி மாகாணமானது அந்த ஆண்டில்தான், மறுக்கவில்லை. ஆனால் 1903-இலேயே நம் மக்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு தேசத்துக்கு ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் தெலுங்கு தேசத்திலுள்ள தோர்ணக்கல்லின் அத்தியட்சராக (பிஷப்பாக), முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சராக, அபிஷேகம் பெற்றார். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று எடுத்து வைத்த என் பாட்டியைப் போன்றவர்கள் தாங்கிய சபை அது. சட்டம் வருவதற்கு முன்பே அது தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது நாம் கொண்டுபோன சொத்துகளில் தன் காலில் நிற்கும் இந்தப் பழக்கமே பெரியது என்று நான் நம்புகிறேன்.

கோபுரத்துக்கு வண்ணம் பூசப் பணம் இருந்தது. பண்டிகை விளக்குகளுக்கு இருந்தது. ஆண்டுக்கணக்காக நடக்கும் வழக்குகளுக்கும் இருக்கிறது. ஓர் இரும்பு அலமாரிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போயிற்று? இதைக் கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, பொறுத்தருளுங்கள்.

மலர் ஆறு மாதம் தாமதமானாலும் பழுதில்லை. எஞ்சிய பதிவேடுகளை முதலில் கறையானிடமிருந்து மீட்டு, ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, அவற்றில் காணப்படும் உபதேசியார்களின் பெயர்களை மலரில் சேர்க்கும்படி மிகுந்த தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய கையெழுத்தை வாசிக்க எனக்குத் தெரியும். வெஸ்ட்ரி சாவியைத் தருவீர்களானால், வரும் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உபதேசியார் ஒருவரின் பேத்தி