அம்மாவுக்கு, அந்தப் பழைய ‘லை’யைப் பற்றி

அன்புள்ள அம்மா,

போன வாரம் உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இதுவரை அதைத் தொட மனம் வரவில்லை. மேலே உன் பாடக்குறிப்பு நோட்டுகள், அடியில் வீட்டுக் கணக்கு நோட்டுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாடக்குறிப்பில் நீ எழுதிய ‘விலை’ வேறு, வீட்டுக் கணக்கில் எழுதிய ‘விலை’ வேறு. பள்ளிக்கூட நோட்டில் இன்று எல்லோரும் எழுதுகிற லை. வீட்டு நோட்டில் தும்பிக்கை வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய லை. 2008-இல் ஓய்வு பெறும்வரைக்கும் அப்படித்தான். முப்பது வருஷமாக உனக்கு இரண்டு கையெழுத்து இருந்திருக்கிறது.

எனக்கு அந்த இரண்டையும் கற்றுத் தந்தது நீதான். பள்ளியில் சேர்க்கும் முன்பே திண்ணையில் உட்கார வைத்து ‘யானை’ எழுதப் பழக்கினாய். அந்த ‘னை’க்கு நிஜமாகவே தும்பிக்கை இருந்தது. அப்புறம் 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட மொத்தம் 13 எழுத்துகளுக்குப் புது வடிவம். பெரியார் 1935-லேயே தன் ‘குடிஅரசு’ இதழில் கொண்டுவந்த மாற்றம், அவருடைய நூற்றாண்டில்தான் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. நல்ல மாற்றம்தான். நீயும் அதைத்தான் சொல்வாய், பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்பாய். ஆனால் உன் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, “யானைக்குத் தும்பிக்கை போச்சே டீச்சர்” என்று அழுதான். நீ அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு யானை வரைந்து, தும்பிக்கையைப் பலகையின் ஓரம் வரைக்கும் நீட்டிவிட்டாய். அழுத பையன் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தான். ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசிய பலகை, விரலெல்லாம் கறுப்பு.

பள்ளிக்கூடத்தில் நானும் உன்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். என் சிலேட்டை எப்போதும் கடைசியாகத்தான் வாங்குவாய். அதற்குள் நான் இரண்டு தடவை கோவை இலையால் அழித்து எழுதியிருப்பேன். 1982-இல் சத்துணவு வந்ததும் பிள்ளைகளோடு அதே வரிசையில் நீயும் உட்கார்ந்தாய். அப்போதும் என் பக்கத்தில் இல்லை.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அதனால் உன் வாழ்க்கையின் மிக அழகான பகுதியைக் கண்ணால் பார்க்காமல் போனேன். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வரும் பெண்களுக்கு ராத்திரியில் பாடம் எடுத்தாய். அவர்கள்தான் உன்னை ‘டீச்சரம்மா’ ஆக்கினார்கள். அவர்களோடு சேர்ந்து, நாற்பது வயதுக்கு மேல், நீ சைக்கிளும் கற்றுக்கொண்டாய். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் அறிவொளியோடு சேர்த்திருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்கிறது கணக்கு. லேடீஸ் சைக்கிள் போதவில்லை, கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினீர்கள். குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைக் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி எனக்கு எழுதுவாய். விழுந்து முட்டி சிராய்த்ததையும் எழுதினாய். “வலி ஒன்றும் இல்லை, காற்று முகத்தில் அடித்தது, அது போதும்” என்று ஒரு வரி. அந்த இன்லண்ட் லெட்டர் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் உள்ள ‘இல்லை’ பழைய லை.

அம்மா, இந்தக் கடிதமே இதற்காகத்தான். விடுதியில் ஒருவன் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “உங்க அம்மா ரொம்பப் படிக்காதவங்களா? பழைய எழுத்து எழுதுறாங்களே” என்று கேட்டான். என் அம்மா ஆசிரியை என்று நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று ராத்திரியே, “இனிமேல் புது எழுத்தில் எழுது, எல்லோரும் பார்க்கிறார்கள்” என்று உனக்குக் கடிதம் போட்டேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து ஒவ்வொரு லையும் ளையும் பாடநூலில் இருப்பது போலவே வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட நீ தவறவில்லை.

அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. பழைய எழுத்து நீ மறக்க முடியாமல் எழுதியது இல்லை. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தடவைகூட மறந்தும் எழுதாதவள் நீ. வீட்டுக்குள் வந்து, புடவைத் தலைப்பை அவிழ்த்துச் செருகிக்கொண்டு உட்காரும்போதுதான் அந்த எழுத்து. எனக்கும் அதில்தான் எழுதினாய். அதை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதியது டீச்சர்.

ஒருநாளாவது கேட்டிருக்கலாம். நீ இருந்த அத்தனை வருஷமும் இருந்தது.

இங்கே திரையில் அந்த எழுத்து வராது. அதனால் இதை முதலில் காகிதத்தில், பேனாவால் எழுதினேன். ளை போடக் கை ஓடவில்லை. உன் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான்காவது தடவைதான் சரியாக வந்தது. காகிதத்தை மடித்து உன் பெட்டியில், வீட்டு நோட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கீழே அந்த எழுத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்:

உன் பிள்ளை