கடையில் ‘செட் பண்ணி’ வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது செல்போன் வாங்கியதும் ‘எல்லாத்தையும் நீயே செட் பண்ணிக் குடுத்துடு தம்பி’ என்று கடைப் பையனிடமே நீட்டிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அவரும் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறார். வரிசையில் ஆள் நிற்கும்போது அவர் வேறென்ன செய்வார்? கூகுள் கணக்கு கேட்கும் இடத்தில் வாய்க்கு வந்த பெயரில் ஒரு ஜிமெயில், கடைப் பெயருடன் 123 சேர்த்து ஒரு கடவுச்சொல், சில இடங்களில் மீட்பு எண்ணாக, அதாவது கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் எண்ணாக, கடையின் எண்ணே. போன் நம் பையில், சாவி கடையில்.

இதன் விளைவு உடனே தெரியாது. ஒரு வருடம் கழித்துத் திரைப்பூட்டின் எண் மறந்துபோகும். யாரோ ஒலிப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்துவிடுவார். போன் மறுபடி எழுந்ததும், ‘இதில் முன்பு இருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு’ என்று கேட்டு நின்றுவிடும். பழுது பார்ப்பவர்கள் ‘எஃப்ஆர்பி லாக்’ என்பது இதைத்தான். திருடனுக்குப் பயன்படாமல் இருக்க 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்புடன் வந்த ஏற்பாடு இது. இங்கே சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடுகிறது. அது மட்டுமல்ல, அந்தக் கடவுச்சொல் தெரிந்த எவரும் உங்கள் தொடர்பு எண்களையும், கூகுளில் சேமித்த படங்களையும், போன் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் வேறொரு கருவியிலிருந்து பார்க்க முடியும்.

ஏற்கெனவே இப்படி வாங்கியவர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். செட்டிங்ஸ் உள்ளே ‘கூகுள்’, அதில் கணக்கை நிர்வகிக்கும் பக்கம், அதில் ‘பாதுகாப்பு’. பழைய கடவுச்சொல் தெரியாவிட்டால் ‘மறந்துவிட்டேன்’ என்று கொடுங்கள். அதே போனில் இருந்து கேட்பதால், திரைப்பூட்டின் எண்ணை வாங்கிக்கொண்டு மாற்ற விடுவது உண்டு. கடவுச்சொல்லை மாற்றிய கையோடு மீட்பு எண்ணையும் பாருங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். பழைய எண் அங்கே இருக்கும்வரை பூட்டை மாற்றியும் பயனில்லை. கீழே ‘உங்கள் கருவிகள்’ பட்டியலில் தெரியாத போன் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் கடையில் செய்ய வேண்டியது இரண்டே. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். இரண்டும் பில்லிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பழைய போன் வாங்குபவர்கள், ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தள்ளுபடியில் கிடைக்கும் மாடல் எந்த ஆண்டு வந்தது என்றும் கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் வரும் காலத்தைப் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

மீதி வீட்டில். முதல் திரையிலேயே மொழியைத் தமிழாக்கிவிடுங்கள். மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும். ‘இந்தச் செயலி உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதிக்கவா?’ என்று தமிழில் கேட்டால் அப்பாவும் அம்மாவும் ஒரு கணம் நிற்பார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் நீல எழுத்தைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

கணக்கு இருப்பவர்கள் அதையே போடலாம், புதிது தேவையில்லை. கடவுச்சொல்லை வீட்டு டைரியில் எழுதி வைப்பது தவறு என்று சிலர் பயமுறுத்துவார்கள். அலமாரிக்குள் இருக்கும் டைரியை வெளியூர் மோசடிக்காரன் படிக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால், தலா 8 இலக்கங்களில் 10 மாற்று எண்களையும் கூகுள் தரும். அவற்றையும் அதே டைரியில் எழுதுங்கள். போன் தொலைந்த அன்று, ஓடிபி வர சிம் இல்லாத நேரத்தில், அந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

திரைப்பூட்டுக்கு 6 இலக்க எண் நல்லது. கோடு இழுக்கும் பூட்டு வேண்டாம். திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விரல் எண்ணெய் இழுத்த தடம் அப்படியே தெரியும். ‘ட’ வடிவமா ‘ப’ வடிவமா என்று கண்ணாலேயே படித்துவிடலாம். கைரேகை வைப்பவர்கள் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு விரலையாவது பதியுங்கள். பாத்திரம் தேய்க்கும் கை, மண்வெட்டி பிடிக்கும் கை ஆகியவற்றில் ரேகை தேய்ந்து அடிக்கடி ஏற்காது. ஆகவே எண் நினைவில் இருந்தே ஆக வேண்டும்; போனை அணைத்துப் போட்டாலும் முதலில் எண்ணைத்தான் கேட்கும்.

பலரும் விட்டுவிடும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பூட்டிய திரையிலேயே ஓடிபி தெரிவது. அறிவிப்புகளுக்கான செட்டிங்ஸில் பூட்டுத்திரையில் விவரத்தை மறைக்கச் சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டாவது, சிம் பூட்டு. போனுக்குப் பூட்டு போட்டிருந்தாலும், திருடியவன் சிம்மை மட்டும் உருவித் தன் போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். பாதுகாப்புப் பகுதியில் உள்ள சிம் பூட்டை இயக்கினால், சிம் எந்தப் போனுக்குப் போனாலும் பின் எண் கேட்கும். ஆனால் கவனம்: இயக்கும்போது, நிறுவனம் முன்பே வைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறினால் சிம் முடங்கி, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். புது சிம்தான் வாங்க வேண்டும்.

யுபிஐ செயலியைப் பதியும்போது ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் வங்கியில் பழுதில்லை. போன் தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை அடையாளம் காட்டுகிறது. வங்கியில் கொடுத்த எண் முதல் சிம்மில் இருக்க, எஸ்எம்எஸ் இரண்டாம் சிம்மிலிருந்து போனால் பொருந்தாது. அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்ப ரீசார்ஜ் இல்லாவிட்டாலும் போகாது. யுபிஐ பின் எண் வைத்தபின் ஒன்றை மனத்தில் இருத்துங்கள்: பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வர பின் போடுங்கள்’ என்பவன் எடுக்கத்தான் பார்க்கிறான்.

இப்போது ஆளை விழுங்குவது ஏபிகே கோப்புதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை, செயலி. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப முடியாது; அவர் போன் முதலில் மாட்டியிருக்கும். நிறுவிவிட்டால், அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கி, வரும் ஓடிபிகளை இணையம் வழியே வெளியே அனுப்பிவிடும். ஆகவே ‘தெரியாத செயலிகளை நிறுவு’ என்ற அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் நிறுத்திவையுங்கள். தவறி நிறுவிவிட்டால் நீக்குவதில் நேரத்தை வீணாக்காமல் முதலில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் பேசிய பிறகு மற்றது.

வாட்ஸ்அப்பிலேயே இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஒரு 6 இலக்க எண் வையுங்கள். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தை மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

போன் தொலைந்தால் வரிசை முக்கியம். முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அடுத்தது வங்கி, பிறகு காவல் நிலையத்தில் புகார். அதே எண்ணில் புது சிம் வாங்கி, புகார் நகலோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்கக் கேட்கலாம். நாடு முழுமைக்கும் 2023 மே மாதம் முதல் இந்த வசதி இருக்கிறது. அங்கே ஓடிபி வரவில்லை என்று பலர் பதறுகிறார்கள். மாற்று சிம்மில் எஸ்எம்எஸ் வசதி இயங்க 24 மணி நேரம் வரை ஆகும். மறுநாள் முயன்றால் கிடைத்துவிடும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பில்லில் இரண்டு ஐஎம்இஐ எண்களையும் அச்சிட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் கூகுள் கணக்குத் திரை வந்ததும் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரால் முடியாவிட்டால், வீட்டில் மகனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
செல்போன் பழுது நீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
திண்டுக்கல்