எல்லாரும் 'கசின்' ஆனால் கதை எங்கே போகும்?

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாவல்களை ஆங்கிலத்தில் கொண்டுவரும் உங்கள் உழைப்பின் மீது மதிப்பு உண்டு. அதனால்தான் இந்த வருத்தம். சென்னை அடுக்குமாடிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பதிப்பாசிரியர் திருத்தத்துக்குப் பின் அண்மையில் மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பி வந்தது. அத்தை, சித்தி, பெரியம்மா மூவருமே 'ஆன்ட்டி'. மாமன் மகளும் சித்தப்பா மகளும் 'கசின்'.

அந்த ஒரு 'கசின்' என்ன செய்கிறது, பாருங்கள். மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை. மென்பொருள் வேலைக்குப் போனவன் முறைப்பெண்ணை வேண்டாம் என்கிறான். அவன் அம்மாவுக்கும் அம்மாவின் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. 'கசினைக் கட்ட மறுத்தான்' என்று படிப்பவருக்கு, மறுத்ததில் என்ன தவறு என்றுதான் தோன்றும். பிறந்த வீட்டோடு அந்த அம்மாவுக்கு இருந்த உரிமையே அறுந்தது கண்ணில் படாது. பிறகு அவன் சித்தப்பா மகளோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிறான். அங்கேயும் 'கசின்' என்று போட்டால், வாசகர் இல்லாத காதலைத் தேடத் தொடங்குவார்.

இன்னொன்று. நகரத்துக் கதைகளில் சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கா கணவரை 'அத்திம்பேர்' என்று கூப்பிட்டால் அது பிராமண வீடு. அப்பாவை 'வாப்பா' என்றால் முஸ்லிம் வீடு. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் வாய்தவறிச் சொன்ன ஒரு விளியிலேயே வீட்டுக்காரரின் முகம் மாறுவதுதான் காட்சி. 'பிரதர் இன் லா' என்றால் அந்த முகம் ஏன் மாறியது?

உறவுச்சொல்லை அப்படியே விடுங்கள். 'அத்தை' முதல் முறை வரும்போது 'அப்பாவின் தங்கை' என்பது அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ தெரிந்தால் போதும். அயல்சொல் என்று பிரித்துக் காட்டும் சாய்வெழுத்து வேண்டாம். பெரிய குடும்பமென்றால் முன்பக்கத்தில் ஒரு வம்சவரைபடம். ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வந்தாலும் ஆங்கில வாசகர் நூறாண்டுக்கு மேலாகப் படித்துக்கொண்டுதானே இருக்கிறார்? பானு முஷ்டாக்கின் கன்னடக் கதைகளைத் தீபா பாஸ்தி சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் இல்லாமல்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்; அந்த நூல் 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது.

'நீங்க' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மனைவி இறங்கும் இடம் உண்மையிலேயே கடினம். ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை. அங்கே அவள் முதன்முறையாகக் கணவனைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யட்டும். ஆனால் இறுதிப் படியைக் கண்ணில் காட்டாமலே அச்சுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை அவர் எதைத்தான் முடிவு செய்ய முடியும்? மாதக்கணக்கில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் போட்டதை ஒரே கட்டளையில் தேடி மாற்றிவிடுகிறீர்கள்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உறவுச்சொற்களை அவற்றின் இடத்தில் திரும்ப வைத்து, அச்சுக்குப் போகும் முன் மொழிபெயர்ப்பாளரிடம் ஒருமுறை படியைக் காட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்போர் சிலர்